மலை வீட்டுக்குச் சமவெளி வரைபடம் எதற்கு? தொகுப்பு வீடு கட்டும் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறியாளர்களே, மதிப்பீட்டில் கையெழுத்திடும் அதிகாரிகளே,

வணக்கம்.

நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் அரசு செலவில் கட்டப்படும் தொகுப்பு வீடுகளைப் பற்றி எழுதுகிறோம். கேட்பது ஒன்றுதான். கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே கட்டும் வீட்டுக்குத் தனி வரைபடம் வேண்டும்; குளிர்காற்றை அடைக்கிற வேலை மதிப்பீட்டிலேயே தனி இனமாக வர வேண்டும். கூடலூர், பந்தலூர் பக்கம் இது அவசியப்படாது. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கொடைக்கானல் இவற்றுக்கு அவசியம்.

இப்போது மலையேறி வரும் வரைபடம் சமவெளிக்காரர்களுக்குப் போட்டது. வெயில் காலத்தில் உள்ளே சேரும் சூடு சீக்கிரம் வெளியேற வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். ஜன்னலுக்கு மேல் மூட முடியாத ஜாலி, கூரைக்கும் சுவருக்கும் நடுவே விட்ட சந்து, நாலு பக்கமும் தனித்து நிற்கும் சுவர், மெல்லிய கூரை எல்லாம் திருவண்ணாமலையில் சரி. அதே வீடு தலைகுந்தாவில் டிசம்பர் கடைசியில் என்ன பாடுபடும் என்பதை அங்கே குடியிருப்பவர்கள் விடியற்காலையில் பார்க்கிறார்கள். புல்லில் வெள்ளையாக உறைபனி படிந்திருக்கும். தகரக் கூரையின் அடிப்பக்கத்திலிருந்து தண்ணீர் சொட்டிப் போர்வை நனைந்திருக்கும். கூரை ஒழுகுகிறது என்று புகார் வரும், ஆள் வந்து போல்ட் ஓட்டைகளை அடைத்துவிட்டுப் போவார், மறுநாளும் சொட்டும். அது மழைத் தண்ணீர் இல்லை. தெளிந்த இரவில் தகரம் தன் சூட்டை நேரே வானத்துக்கு விட்டுவிட்டு வெளிக்காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. உள்ளே தூங்குபவர்களின் மூச்சிலும் சமையலிலும் உள்ள ஈரம் அந்தத் தகரத்தில் பட்டு நீராகிறது. எத்தனை எம்-சீல் பூசினாலும் இது நிற்காது.

சூடு எந்த வழியாக எவ்வளவு போகிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். 360 சதுர அடி வீடு என்றால் தரைப்பரப்பு சுமார் 33 சதுர மீட்டர். வெளியே 4 டிகிரி, உள்ளே 16 டிகிரி; வித்தியாசம் 12. ஒரு சதுர மீட்டர் வழியாக, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு எத்தனை வாட் வெளியேறுகிறது என்பதுதான் யு மதிப்பு. வெறும் தகரக் கூரைக்கு அது 7 அளவில் இருக்கும். 33-ஐயும் 7-ஐயும் 12-ஐயும் பெருக்கினால் கூரை வழியாக மட்டும் சுமார் 2,800 வாட். ஆயிரம் வாட் ஹீட்டர் மூன்றை இரவு முழுவதும் ஓட்டினால்தான் அந்த இழப்பை ஈடுகட்ட முடியும். காங்கிரீட் கூரை கொஞ்சம் பரவாயில்லை. சுமார் 1,850 வாட். சுவர் 6 அங்குல சாலிட் பிளாக், இருபுறமும் பூச்சு என்றால் யு மதிப்பு 3.3 அளவில் வரும். தனித்து நிற்கும் வீட்டுக்கு ஜன்னல், கதவு நீங்கலாக ஏறக்குறைய 57 சதுர மீட்டர் சுவர். அதில் 2,250 வாட். சந்துகளில் நுழையும் காற்று மணிக்கு ஐந்து முறை அறைக்காற்றை மாற்றுகிறது என்று வைத்தால், ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு என்பதையும் கழித்து, இன்னொரு 1,400 வாட்.

கணக்கில் காற்று கடைசியில் வருகிறது. வேலையில் அதுதான் முதலில் வர வேண்டும். காற்றை அடைக்கச் செலவு மிகக் குறைவு. பலன் அன்று இரவே தெரியும். அதைவிட முக்கியமாக, சந்து திறந்திருக்கும்போது கூரைக்கடியில் எவ்வளவு தெர்மகோல் போட்டாலும் குளிர்காற்று அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்துவிடும்.

பெரிய சந்து எங்கே? எல்லாரும் கதவைக் காட்டுவார்கள். சிமெண்ட் ஷீட் போட்ட வீட்டில் அது சுவர் உச்சியில் இருக்கிறது. ஷீட்டின் ஒரு அலை 146 மில்லிமீட்டர் அகலம், 48 மில்லிமீட்டர் ஆழம். சுவர்மேல் ஷீட் நேராக உட்கார்ந்தாலும் ஒவ்வொரு அலைக்கடியிலும் சுமார் 35 சதுர சென்டிமீட்டர் திறந்து நிற்கும். 6 மீட்டர் நீளச் சுவர் இரண்டிலும் சேர்த்து 82 அலைகள். மொத்தம் 2,870 சதுர சென்டிமீட்டர். அதாவது ஒன்றேமுக்கால் அடிக்கு ஒன்றேமுக்கால் அடி ஜன்னல் ஒன்றை இரவெல்லாம் திறந்து வைத்ததற்குச் சமம். ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லின்மேல் அது உயர்ந்து நின்றால் இது இன்னும் கூடும். 3 அடிக் கதவின் அடியில் ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி என்றால் 135 சதுர சென்டிமீட்டர். மேலே உள்ளதில் இருபதில் ஒரு பங்குதான். சூடான காற்று மேலே எழும்பிச் சுவர் உச்சி வழியாக வெளியேறுகிறது, அந்த இடத்தை நிரப்பக் கதவடியில் குளிர்காற்று இழுபடுகிறது. காலில் சில்லென்று படுவதால் கதவைக் குறை சொல்கிறோம். மேலே அடைத்தால் கீழே இழுப்பு பாதி அடங்கிவிடும்.

இந்தச் சந்தைக் கொத்தனார்கள் சிமெண்ட் கலவை வைத்து அடைக்கிறார்கள். அடுத்த பனிக்காலத்துக்குள் அது விரிசல் விட்டு உதிர்கிறது. தகரம் என்றால் காரணம் எளிது. 12 அடித் தகரம் இரவு 2 டிகிரியிலிருந்து நண்பகலில் 45 டிகிரிக்குப் போகும்போது ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நீள்கிறது, மறுபடி சுருங்குகிறது. தினமும் இப்படி இழுபடும் இடத்தில் கலவை நிற்காது. சிமெண்ட் ஷீட்டிலும் காற்றின் அதிர்வில் கலவை விட்டுப்போகும். அங்கே வைக்க வேண்டியது அலையின் வடிவத்துக்கே வெட்டிய ஃபோம் பட்டை. நுரை அறைகள் மூடியிருக்கும் வகை, 2 அங்குலக் கனம், அலையின் அளவைவிட 3 மில்லிமீட்டர் பெரிதாக வெட்டி அழுத்திச் சொருக வேண்டும். ஸ்பாஞ்ச் கூடாது, அது தண்ணீரை உறிஞ்சி ஊறிப்போகும். உள்பக்கம் ஒரு மரச் சட்டம் அடித்துவிட்டால் எலி பிடுங்காது. புது வீட்டில் ஷீட் ஏற்றும்போதே இந்தப் பட்டையை வைத்துவிட்டால் ஒருநாள் வேலைகூட இல்லை. கூரை முகட்டை மூடும் ரிட்ஜ் ஷீட்டுக்கு அடியிலும் இதேதான்.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் உள்ள வீட்டில் ஒரு எச்சரிக்கை. அதை உலர்வாகத் துளைக்கவோ, அறுக்கவோ, தேய்க்கவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். ஃபோம் பட்டையைச் சொருகுவதற்கு ஷீட்டைத் தொட வேண்டியதே இல்லை. சீலிங்கையும் ஷீட்டில் மாட்டாமல் பர்லினில் அல்லது சுவரில் தனி ரீப்பர் (மெல்லிய மரச் சட்டம்) அடித்து மாட்டலாம்.

இனிக் கூரை. தெர்மகோல் 25 மில்லிமீட்டர் போட்டாலே தகரக் கூரையின் யு மதிப்பு 7-லிருந்து 1.2 பக்கம் இறங்குகிறது. 2,800 வாட் இழப்பு 500-க்குக் கீழே வந்துவிடும். 50 மில்லிமீட்டர் போட்டால் அதிலும் பாதி. வீடுகளுக்கான மத்திய அரசின் எரிசக்தி விதித்தொகுப்பான ஈகோ நிவாஸ் சம்ஹிதா 2018-இல் வந்தது. அப்போது அது கூரைக்கு வைத்த உச்சவரம்பும் 1.2 தான். அந்த விதி 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கென்று வந்தது, தொகுப்பு வீட்டைக் கட்டுப்படுத்தாது என்பது தெரியும். இருந்தாலும் அளவுகோல் கையில் இருக்கிறது. எளியவர்களின் வீட்டுக்கும் அதையே வைப்பதில் தடை ஒன்றுமில்லை.

போடும் முறையில்தான் வேலை கெடுகிறது. தெர்மகோலை ஷீட்டில் பசை வைத்து ஒட்டுகிறார்கள். நடுவே சந்து இருக்கும். உள்ளே இருக்கும் ஈரக்காற்று அதன் வழியே ஏறித் தகரத்தில் நீராகும். ஒரு மழைக்காலத்தில் பசை விடும், பூஞ்சை கருப்பாகப் படியும். சரியான வரிசை மேலிருந்து கீழாக இப்படி: ஷீட், அதற்கடியில் ஒரு அங்குலக் காற்று இடைவெளி, பர்லினுக்கடியில் தெர்மகோல், அதற்கடியில் 200 மைக்ரான் பாலித்தீன் விரிப்பு, கடைசியில் 8 மில்லிமீட்டர் சிமெண்ட் ஃபைபர் போர்டு. பாலித்தீன் சூடான பக்கத்தில், அதாவது அறைப் பக்கத்தில் வர வேண்டும். இரண்டு விரிப்பு சேரும் இடத்தில் 6 அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி டேப் ஒட்டணும். சுவர் ஓரத்தில் மடித்து ரீப்பருக்கடியில் நெருக்கி அடிக்கணும். தெர்மகோல் அட்டை 1 மீட்டருக்கு அரை மீட்டர். 33 சதுர மீட்டருக்கு 66 அட்டை, வெட்டுச் சேதத்தோடு 73. டென்சிட்டி (ஒரு கன மீட்டரின் எடை) 20 கிலோவுக்குக் குறையாமல் வாங்க வேண்டும். பெட்டி கட்டும் தெர்மகோல் பொடிந்துவிடும். 50 மில்லிமீட்டர் போடுவதாக இருந்தால் 25 மில்லிமீட்டரில் இரண்டு அடுக்கு போட்டு, மேலடுக்கின் மூட்டு கீழடுக்கின் மூட்டோடு சேராமல் தள்ளி வையுங்கள்.

தெர்மகோல் தீப்பிடிக்கும், புகை நச்சு. ஒரு அங்குலம்கூட வெளியே தெரியக் கூடாது. அடுப்பு உள்ள பகுதிக்கு மேல் தெர்மகோலே வேண்டாம். அங்கே 50 மில்லிமீட்டர் ராக்வுல், அதாவது தீப்பிடிக்காத கல் இழைப் பஞ்சு. செலவுக்கு இடமிருந்தால் தகரமும் பஃப் என்கிற பாலியூரித்தேன் நுரையும் ஒன்றாக வரும் சாண்ட்விச் பேனல் 50 மில்லிமீட்டரில் போட்டுவிடலாம். ஷீட், இன்சுலேஷன், சீலிங் மூன்றும் ஒரே வேலையில் முடியும். அதற்கும் சுவர் உச்சியில் ஃபோம் பட்டை கட்டாயம்.

காங்கிரீட் கூரையானால் இன்சுலேஷன் மேல்பக்கம் வர வேண்டும். மலையில் பலரும் ஒழுகலுக்குப் பயந்து காங்கிரீட்டுக்கு மேலே தகரப் பந்தல் போட்டிருக்கிறார்கள். இது நமக்கு வசதி. அந்தப் பந்தலுக்கடியில், தளத்தின்மேல் 50 மில்லிமீட்டர் அட்டையை நெருக்கமாக அடுக்கி, காற்றில் எழும்பாமல் மேலே சிமெண்ட் போர்டு அல்லது ஓடு பரப்பி, பக்கவாட்டில் எலி நுழையாத கம்பிவலை அடித்தால் போதும். பகலில் காங்கிரீட் வாங்கிய சூடு இரவில் அறைக்கே திரும்பும். உள்பக்கம் ஒட்டினால் அந்தப் பலன் கிடைக்காது, ஈரமும் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

சுவரைப் பொறுத்தவரை, இருக்கும் வீட்டில் செய்ய அதிகமில்லை. புது வீட்டில் நிறைய இருக்கிறது, அதிலும் மிகப் பெரிய மிச்சத்துக்குச் செலவே கிடையாது. படகர் ஊர்களான ஹட்டிகளில் பழைய வீடுகள் பொதுச்சுவரோடு வரிசையாக ஒட்டி நிற்கும். தோட்டத்து லைன் வீடுகளும் அப்படித்தான். தொகுப்பு வீடு மட்டும் நாலு பக்கமும் காற்றில் நிற்கிறது. இரண்டு வீட்டை முதுகோடு முதுகாகவோ, பக்கவாட்டிலோ ஒட்டிக் கட்டினால் ஒரு வீட்டுக்கு 15 சதுர மீட்டர் சுவர் குளிரிலிருந்து தப்புகிறது. 600 வாட் மிச்சம், ஒரு சுவர் கட்டும் செலவும் மிச்சம். பொதுச்சுவரை 9 அங்குலமாக்கி ஷீட் வரைக்கும் முழுதாக ஏற்றிவிட்டால் சத்தம், புகை, தீ மூன்றும் அடுத்த வீட்டுக்குப் போகாது. தனி வீடு வேண்டும் என்று பயனாளிகள் கேட்பது நியாயம்தான். இப்படிப் பொதுச்சுவரை உயர்த்திக் கட்டினால் அவர்கள் சொல்லும் காரணங்களில் பெரும்பாலானவை தீரும்.

பிளாக்கை மாற்றினால் இன்னும் நல்லது. காற்றுக்குமிழிகள் நிறைந்த இலகுவான காங்கிரீட்டான ஏஏசி பிளாக்கில், 6 அங்குலத்துக்கு யு மதிப்பு 1-க்குக் கீழே வருகிறது, சாலிட் பிளாக்கின் மூன்றில் ஒரு பங்கு. எடை குறைவு என்பதால் மலைப்பாதையில் ஒரு லோடுக்கு அதிகம் ஏற்றலாம். ஆனால் அது தண்ணீர் குடிக்கும். தரையிலிருந்து ஒன்றரை அடி வரை சாலிட் பிளாக், அதன்மேல் ஈரத்தடுப்பு, பிறகுதான் ஏஏசி. தென்மேற்கு மழை அடிக்கும் முகத்தில் பூச்சில் கஞ்சத்தனம் கூடாது, இறவாரம் இரண்டடி நீட்ட வேண்டும்.

வீட்டை எந்தப் பக்கம் திருப்புவது என்பதும் வரைபடத்தின் வேலைதான். பனிக்காலத்தில் இங்கே நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்து, அடிவானத்திலிருந்து சுமார் 55 டிகிரி உயரத்தில் நிற்கிறது. பெரிய ஜன்னல் தெற்கிலும் கிழக்கிலும் வந்தால் வெயில் உள்ளே விழும். வடகிழக்கு முகத்தில் வாசலை வைக்க வேண்டாம்; வைத்தே ஆக வேண்டுமென்றால் வாசலுக்கு முன்னே மூன்றடியில் ஒரு மறைப்புச் சுவரும் பக்கக் கதவும் போடுங்கள். தோடர் பழங்குடியினரின் குடியிருப்புகளான மந்துகளில் பழைய வீட்டு வாசலுக்குள் தவழ்ந்துதான் போக முடியும். இந்த மலையின் காற்றை அறிந்தவர்கள் செய்த ஏற்பாடு அது. இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பள்ளத்தின் அடியைத் தவிருங்கள். இரவில் குளிர்காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில்தான் தேங்கும். உறைபனி முதலில் விழுவதும் அங்கேதான். சரிவின் நடுவில் வைத்த வீடு அதைவிடக் கதகதப்பாக இருக்கும்.

ஜன்னல், கதவுக்கு வருகிறோம். இரும்பு ஜன்னலைச் சட்டம் கோணாமல் பொருத்தினாலே பாதிப் பிரச்சினை தீரும். மூடிய ஜன்னலில் ஒரு செய்தித்தாளைச் சொருகி இழுத்துப் பாருங்கள். தாராளமாக வந்தால் அந்த இடத்தில் சந்து. ஃபோம் டேப்பின் கனம் சந்தைப்போல் ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்குக்குள் இருக்கணும். அதற்குமேல் தடித்தால் கீல் பக்கம் முட்டிக்கொண்டு கொக்கி மாட்டாது; ஆள் எரிச்சலில் டேப்பையே பிய்த்துவிடுவார். ஒட்டுமுன் சட்டத்தைத் தின்னரில் துடைத்து, வெயில் ஏறிய பிறகு ஒட்டவும். காலைக் குளிரில் ஒட்டினால் பிடிக்காது.

கதவில் நடக்கும் தவறு காலத்தைப் பற்றியது. ஜூலை மழையில் மரம் ஊதியிருக்கும்போது அளவெடுத்து இழைக்கிறார்கள். ஜனவரியில் அது சுருங்கியதும் சுற்றிலும் சந்து. கதவை நவம்பருக்குப் பிறகு பொருத்துங்கள், முடியாவிட்டால் நிலையில் முக்கால் அங்குலப் பள்ளம் எடுத்துக் கதவு அதில் உட்காரும்படி செய்யுங்கள். டைல்ஸ் போட வசதி என்று வாசப்படியை எடுத்துவிடும் வழக்கம் மலைக்கு வேண்டாம். முக்கால் அங்குலம் உயர்ந்த கருங்கல் படி ஒன்று, அதில் வந்து உரசும் ரப்பர் பட்டை ஒன்று; கதவடிக் காற்று நின்றுவிடும். முதியவர்களுக்குத் தடுக்கும் என்றால் படியின் இரு ஓரத்தையும் சாய்த்துக் கொடுக்கலாம்.

இத்தனையும் அடைக்கச் சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அது கொலைக்குச் சமம். மலையில் இரவு கரியைக் கும்முட்டியில் போட்டு அறைக்குள் வைத்துத் தூங்குகிறார்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குபவர் விழிப்பதே இல்லை. ஓட்டை நிறைந்த வீட்டில் இத்தனை நாள் தப்பித்தவர்கள், நாம் அடைத்த பிறகு தப்ப மாட்டார்கள். ஆகவே அடைப்பு வேலையும் புகைபோக்கியும் ஒரே இனமாக வர வேண்டும், ஒன்றுக்கு நிதி வந்து மற்றொன்று தள்ளிப்போகக் கூடாது. விறகடுப்பு வைக்கும் வீட்டுக்கு 4 அங்குல இரும்புப் புகைக்குழாய், கூரைக்கு மேல் குறைந்தது இரண்டடி, உச்சியில் மழைமூடி. குழாய் சீலிங்கைக் கடக்கும் இடத்தில் சுற்றிலும் ஆறு அங்குலம் ராக்வுல் மட்டும். எரிவாயு அடுப்பானாலும் சமையல் திட்டுக்குக் கீழே, தரையிலிருந்து ஒரு அடியில் 4 அங்குலக் குழாய் ஒன்று, உச்சியில் அதே அளவில் இன்னொன்று, இரண்டும் மூட முடியாதவை, இரண்டிலும் வலை. திட்டுக்கடியில் வைப்பதால் குளிர்காற்று படுப்பவர்மேல் பாயாது. சமையலறைக்கும் படுக்கும் இடத்துக்கும் நடுவே கதவு வேண்டும். ஒரே அறை வீடானால், ஜாலிக்குப் பதில் கயிறு இழுத்துத் திறக்கும் பலகை வென்டிலேட்டர் வைத்து, அடுப்பு எரியும்போது அதைத் திறந்தே வைக்கச் சொல்லி சாவி கொடுக்கும் நாளில் நேரில் காட்டிக்கொடுங்கள். கரிக்கும்முட்டி மட்டும் எந்த வென்டிலேட்டர் இருந்தாலும் படுக்கும் அறைக்குள் கூடாது. கேஸ் கீசரைக் குளியலறைக்கு வெளியே, திறந்த இடத்தில் மாட்டணும்.

ஏற்கனவே கட்டிய வீடுகளுக்கு முழு நிதி கிடைக்காது என்று தெரிந்தே எழுதுகிறோம். வீட்டுக்கு ஒரு சிறு தொகைதான் என்றால், புகைக்குழாய் முதலில், சுவர் உச்சியின் ஃபோம் பட்டை அடுத்து, கதவடி ரப்பர் பிறகு. அதன்பின் படுக்கும் பகுதிக்கு மேல் மட்டும் சீலிங். பத்தடிக்குப் பத்தடி என்றால் 19 அட்டை, வெட்டுச் சேதத்தோடு 21. ஜன்னல் டேப்பைப் பயனாளிகளே ஒட்டிக்கொள்வார்கள். பொருளை மட்டும் கொடுத்தால் போதும்.

மதிப்பீட்டில் இந்த இனங்கள் வேண்டும்: அலைவடிவ ஃபோம் பட்டை ரன்னிங் மீட்டரில், பாலித்தீனும் போர்டும் சேர்ந்த சீலிங் சதுர மீட்டரில், புகைக்குழாயும் காற்றுக்குழாயும் எண்ணிக்கையில், வாசப்படியும் ரப்பரும் கதவுக்கு ஒன்று. விலை விகித அட்டவணையில் இல்லாதவற்றுக்கு உள்ளூர் விலை விசாரித்து ஒப்புதல் வாங்கும் வழி உங்களுக்கே தெரியும். எம்-புக்கில் (முடிந்த வேலையின் அளவைப் பதியும் புத்தகத்தில்) அளவு ஏற்றுமுன் ஒரு சோதனையைக் கட்டாயமாக்குங்கள்: காற்றடிக்கும் மாலையில் கதவு ஜன்னலை மூடி, இரண்டு காற்றுக்குழாயையும் துணியால் அடைத்து, ஊதுபத்தி ஒன்றைச் சுவர் உச்சி, ரிட்ஜ், கதவு நிலை, ஜன்னல் ஓரம் எல்லாவற்றிலும் கொண்டுபோக வேண்டும். புகை நேராக எழும்பினால் சரி. படுத்துக்கொண்டால் அந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்து, சரிசெய்த பிறகே பில். துணியை எடுக்க மறக்க வேண்டாம். சீலிங் மூடுவதற்கு முன் பாலித்தீன் மூட்டுகளைப் பொறியாளர் நேரில் பார்க்க வேண்டும். போர்டு ஏறிவிட்டால் பிறகு யாராலும் பார்க்க முடியாது.

வரும் நிதியாண்டு மதிப்பீடுகள் தயாராகும்போதே இவற்றைச் சேர்த்துவிட்டால் தென்மேற்கு மழைக்குப் பிறகு வேலை தொடங்கி, கதவும் டேப்பும் நவம்பர் கடைசியில் பொருத்தி, டிசம்பர் உறைபனிக்குள் சாவி கொடுத்துவிடலாம். மாதிரிக்கு ஒரே குடியிருப்பில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வீடுகளை எடுத்து, ஒன்றில் மட்டும் இவற்றைச் செய்து, இரண்டிலும் ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டு விடியற்காலை ஐந்து மணிக்குப் படித்துப் பாருங்கள். அந்த இடத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள். பட்டை வெட்டவும், சீலிங் அடிக்கவும், உங்கள் வேலையாட்களுக்குச் செய்து காட்டவும் நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
மலை வீடுகளில் கூரையும் தச்சும் கொத்தும் பார்ப்பவர்கள்